ஜப்பார் மாஸ்டரோட ‘ம்’

கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததுலேர்ந்து எனக்கு இருப்புக் கொள்ளல. வலது கண்ணுல புரை எடுத்துட்டாங்க. இடது கண்ண அப்புறம் பாத்துக்கலாம்னு வேலூர்ல டாக்டர் சொல்லிட்டாரு. கட்டுப் பிரிச்சதும் வீட்டுச் சுவர பாத்தேன். வலது கண்ணுக்கு வெள்ளை வெளேர்னு நீலம் போட்ட வேட்டி மாதிரி இருக்கு. இடது கண்ணுக்கு அதே சுவரு மஞ்சளா, அழுக்கா இருக்கு. ஒரு கண்ண மூடி ஒரு கண்ண திறந்து மாத்தி மாத்தி பாத்துக்கிட்டே வீடு பூரா நடக்குறேன். எங்க வீட்டுக்காரரு ஜோலார்பேட்டை ரயில்வேயில வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு. "சிக்னல் மாதிரி கண்ண சிமிட்டிக்கிட்டு திரியாத, ஒரு இடமா உக்காரு"ன்றாரு.

எப்படி உக்கார்றது? நான் ஆம்பூர்ல தோல் ஷெட்டுல கலர் சேக்குற வேலை பாத்தவ. தோல் வாங்குற வெளிநாட்டு வியாபாரி, பையர்னு சொல்வோம், அவரு அனுப்புற சாம்பிள் துண்டு இன்னா நிறமோ, அச்சு அசலா அதே நிறத்த தோல் மேல கொண்டாந்து நிறுத்துறது என் வேலை. அதுக்குக் கண்ணுதான் எல்லாம். அந்தக் கண்ணே மஞ்சளா பாத்துக்கிட்டு இருந்துச்சுன்னா, நான் சேத்ததெல்லாம் இன்னா கலரு? டாக்டர்கிட்ட கேட்டேன். "வயசானா கொஞ்சம் கொஞ்சமா மங்கும்மா, அவங்கவங்களுக்கே தெரியாது"ன்னாரு. அவருக்கு அது சாதாரணம். எனக்கு வயிறு கலங்கிடுச்சு.

என் தகரப் பெட்டியில ரெண்டு தோல் துண்டு இருக்கு. ஒண்ணு பையர் குடுத்த சாம்பிள்ல பாதி, இன்னொண்ணு நான் சேத்த கலரு. ரெண்டும் ஆலிவ் பச்சை, மிலிட்டரிக்காரங்க போடுற மாதிரி ஒரு மங்கின பச்சை. என் வாழ்க்கையில முதல் தடவையா யார் மூஞ்சியையும் பாக்காம "இது சரி"ன்னு நான் சொன்ன கலரு அது. அத சேத்தப்ப எனக்கு சின்ன வயசு, கண்ணுல புரை ஏது? ஆனா மனசு கேக்கணுமே! புதுக் கண்ணால அந்த ரெண்டு துண்டையும் பாக்கணும்னு கை பரபரங்குது. பெட்டிகிட்ட போனா கை பின்னாடி வந்துடுது. அதனால முதல்ல கதைய சொல்லிடறேன். சொல்லிட்டுத் திறக்குறேன்.

என் பேரு பேபி. கிழவி ஆகியும் பேபிதான், இன்னா பண்றது. பொறந்தது குடியாத்தம். அப்பா லுங்கித் தறிக்கு நூலுக்கு சாயம் போடுறவரு. அண்டாவுலேர்ந்து நூல தூக்கும்போதே இன்னும் ஒரு முக்கு வேணுமா போதுமான்னு எனக்குத் தெரிஞ்சுடும். அதெல்லாம் ஒரு திறமைன்னு அப்ப யாரும் நினைக்கல, நானும் நினைக்கல. ஆம்பூர்ல கட்டிக்குடுத்தாங்க. அரைகுறையா பதம் பண்ணின தோல அப்படியே கப்பல்ல ஏத்தக்கூடாது, கலர் குடுத்து முழுசா முடிச்சுதான் அனுப்பணும்னு கவர்மெண்டு சொன்ன எழுபதுகள்ல, ஷெட்டுக்கு ஷெட்டு பொம்பளைங்கள வேலைக்கு எடுத்தாங்க. நானும் போயிட்டேன். மரக்கட்டையில துணிய சுத்தி, கலர்ல தோய்ச்சு, மேஜை மேல விரிச்ச தோல்ல ஒரே சீரா தேய்க்கணும். பேட் அடிக்கிறதுன்னு அதுக்குப் பேரு.

குடியாத்தத்துல எங்க பெரியப்பாவுக்கு விஷயம் போச்சு. "நெசவாளி வீட்டுப் பொண்ணு தோல தொடுறாளா? இனிமே அவ கையால ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேன்"ன்னுட்டாரு. நெசமாவே குடிக்கல. அம்மா வீட்டுக்குப் போனா நான் சொம்புல தண்ணி குடுப்பேன், அவரு வாங்கி ஓரமா வெச்சிடுவாரு. யாரும் பாக்காதப்ப அந்தச் சொம்ப நானே எடுத்து செடிக்கு ஊத்திட்டு வருவேன். அப்ப எனக்குள்ள ஒரு வெறி வந்துச்சு. எங்கயாச்சும், யாராச்சும் என்னைப் பாத்து "நீ சரியா இருக்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அதுக்கு நான் நாயா அலைஞ்சேன், மறைக்கிறதுக்கு இன்னா இருக்கு.

ஒருநாள் பேட் அடிக்கும்போது பக்கெட்ட பாத்து "இது நேத்து கலர் இல்லையே"ன்னு சொல்லிட்டேன். பின்னாடி நின்ன ஜப்பார் மாஸ்டர் காதுல விழுந்துடுச்சு. ஃபினிஷிங் செக்ஷனுக்கே அவருதான் ராஜா. நேத்து அடிச்ச தோல கொண்டாரச் சொல்லி என்கிட்ட நீட்டி, "இன்னா வித்தியாசம்?"னு கேட்டாரு. "நீலம் கம்மி மாஸ்டர்"ன்னேன். அவரு தோல பாக்கவே இல்ல, என்னைத்தான் பாத்தாரு. மறுநாளே பேட் மேஜையிலேர்ந்து என்னை எடுத்து வடக்கு ஜன்னல்கிட்ட போட்டுட்டாரு, கலர் சேக்குறதுக்கு.

ஜப்பார் மாஸ்டர பத்தி விவரமா சொல்லணும். ஒல்லியா, உயரமா இருப்பாரு. கலர் ஷெட்டுலயே கெடந்தும் அவரு வெள்ளைச் சட்டையில ஒரு சொட்டு பட்டு நான் பாத்ததில்ல. காலையில வந்ததும் யார்கிட்டயும் பேச மாட்டாரு. கம்பியில தொங்குற தோல ஒண்ணொண்ணா தொட்டுக்கிட்டே நடப்பாரு. மடிச்சு காதுகிட்ட வெச்சு கசக்குவாரு, கன்னத்துல தேச்சுப் பாப்பாரு. "இது இன்னும் காயல." "இதுக்கு எண்ணெய் கம்மி." "இத எவன்டா இழுத்துக் கட்டுனான், செத்துப் போச்சு பாரு." கை விஷயத்துல அவரு நெசமாவே மாஸ்டர், அத நான் இன்னிக்கும் சொல்வேன். சில நாள் ஒரு கால்ல பச்சை சாக்ஸ், ஒரு கால்ல காப்பிக்கலர் சாக்ஸ் போட்டுக்கிட்டு வருவாரு. பெரிய மனுஷன் ஸ்டைலுன்னு நாங்க நினைச்சுக்குவோம். மாஸ்டர யாரு போய் கேப்பாங்க!

கலர் சேக்குறதுக்குன்னு முறை இருக்கு. டியூப்லைட்டுல பாக்கக்கூடாது, வெயில் நேரா விழுற இடத்துலயும் கூடாது. வடக்கு ஜன்னல் வெளிச்சம்தான் நாள் பூரா ஒரே மாதிரி இருக்கும். கையகலத் தோல்ல கலர பூசி முதல்ல காய விடணும். ஈரத்துல பாத்து ஏமாந்தவங்க நிறைய பேரு. காஞ்சதும் சூட்டுப் பிளேட்டுல வெச்சு அழுத்தினா இன்னும் கொஞ்சம் கருக்கும். அதுக்கப்புறம்தான் சாம்பிள் துண்ட பக்கத்துல வெச்சு, ஓரமும் ஓரமும் ஒட்டுற மாதிரி பிடிச்சுப் பாக்கணும். ஒரே கலர முறைச்சுக்கிட்டே இருந்தா கண்ணு சலிச்சுப்போய் எதைப் பாத்தாலும் சரின்னு சொல்லிடும். அதனால நடுநடுவுல சிமெண்டு சுவர பாத்து கண்ண கழுவிக்குவேன். ரெண்டு துண்டுக்கும் நடுவுல இருக்குற கோடு கண்ணுக்குத் தெரியாம போற வரைக்கும் சொட்டுச் சொட்டா சேத்துக்கிட்டே இருப்பேன்.

இதெல்லாம் எனக்கு சட்டுனு வந்துடுச்சு. "இதோட போதும், இது சரி"ன்னு நானே சொல்றது மட்டும் வரல.

துண்ட தூக்கிக்கிட்டு மாஸ்டர்கிட்ட ஓடுவேன். "சரியா இருக்கா மாஸ்டர்?" அவரு வாங்கி ஜன்னல் பக்கம் திரும்பி பிடிப்பாரு. அப்புறம் மெதுவா தலைய தூக்கி என்னைப் பாப்பாரு.

"உனக்கு இன்னா தோணுது பேபிம்மா?"

பரீட்சை வெக்கிறாருன்னு நினைச்சுக்குவேன். "கொஞ்சம் செவப்பு ஜாஸ்தியோ மாஸ்டர்..."னு இழுப்பேன்.

"அப்ப கம்மி பண்ணு."

சில நாள் அந்தக் கேள்வியும் இருக்காது. "ம்" இல்லன்னா "ம்ஹூம்", அவ்வளவுதான். "ம்" கெடைச்ச அன்னிக்கு எனக்கு சோறே வேணாம். "ம்ஹூம்" வந்துச்சுன்னா வீட்ல குழந்தைய அடிப்பேன், புருஷன்கிட்ட எரிஞ்சு விழுவேன், படுத்தா தூக்கம் வராது. "ம்"லயே எத்தனை வகைன்னு எனக்கு அத்துப்படி. வாய திறக்காம சொன்ன "ம்"மா, துண்ட மேஜையில வெச்சுட்டு சொன்ன "ம்"மா, சொல்லிட்டு டீ குடிக்கப் போனாரா, நின்னாரா. பேட் மேஜைப் பொம்பளைங்க கிண்டல் பண்ணுவாங்க. "பேபிக்கு புருஷன் மல்லிப்பூ வாங்கியாந்தா கூட இந்த சந்தோஷம் வராதுடி, மாஸ்டரு ஒரு 'ம்' சொல்லிடணும்." நானும் சிரிப்பேன். ஆனா அவங்க சொன்னது நெசம்.

ஒருதடவை மாஸ்டர் லீவுல போயிட்டாரு. ஒரு மெரூன் கலர சேத்து முடிச்சுட்டேன். சரியாத்தான் இருந்துச்சு. ஆனா கேக்க ஆளில்லாம கை கால் ஓடல. பேட் அடிக்கிற அக்காகிட்ட காட்டுனேன், "கொஞ்சம் கருப்பு போட்டா எடுப்பா இருக்கும்"னாங்க. போட்டேன். ஸ்ப்ரே அடிக்கிற முனுசாமி அண்ணன், "செத்த மாதிரி இருக்கே தங்கச்சி, மஞ்சள் போடு"ன்னாரு. அதையும் போட்டேன். ஸ்டோர்காரரு வந்தாரு, கேட்டுல நிக்கிற வாட்ச்மேன் கூட எட்டிப் பாத்துட்டு ஒண்ணு சொல்லிட்டுப் போனாரு. எல்லாரு பேச்சையும் கேட்டு, கடைசியில பக்கெட்டு நிறைய சாணி கரைச்ச மாதிரி ஒரு கலரு நிக்குது. மறுநாள் மாஸ்டர் வந்தாரு. திருட்டு முழி முழிச்சுக்கிட்டு நிக்கிற என்னைப் பாத்தாரு. பக்கெட்ட எட்டிக்கூட பாக்கல. "ம்ஹூம். ஊத்திடு"ன்னாரு. பாக்காமலே கண்டுபுடிச்சுட்டாரே, என்ன மனுஷன்யான்னு எல்லாரும் அசந்து போயிட்டாங்க. நான்தான் ஜாஸ்தி அசந்தேன்.

இப்படியே வருஷங்க ஓடுச்சு. எண்பதுகள்ல வெளிநாட்டுல குளிருக்குப் போடுற ஜாக்கெட் தைக்கிற மெல்லிசுத் தோலுக்கு ஒரு பெரிய பையர் வந்தாரு. அவரு கேட்டது அந்த ஆலிவ் பச்சை. முதல் லாட்டு அவரு வந்து பாக்குறப்ப தயாரா இருக்கணும், அவருக்குப் புடிச்சாதான் மீதி ஆர்டரு. இது கைவிட்டுப் போச்சுன்னா செக்ஷன்ல பாதி பேர நிறுத்திடுவோம்னு மேனேஜர் வாய்விட்டே சொல்லிட்டாரு. கலர் என் பொறுப்பு. கெட்டா முதல்ல போறது நான்தான்.

அந்த நேரம் பாத்து குடியாத்தத்துல பெரியப்பா பொண்ணுக்குக் கல்யாணம். போனேன். வாசல்ல சந்தனம் குங்குமம் தட்ட ஏந்திக்கிட்டு வர்றவங்கள வாங்கன்னு சொல்ற இடத்துல நின்னேன். அக்கா முறைக்கு எனக்கு அந்த உரிமை இருக்கு இல்ல? பெரியம்மா வந்தாங்க. சிரிச்ச மூஞ்சியோட என் கையிலேர்ந்து தட்ட வாங்கிட்டாங்க. "நீ போய் உக்காரும்மா, உனக்கு ஏன் சிரமம்." சத்தம் போட்டிருந்தா நானும் திருப்பிப் பேசியிருப்பேன். சிரிச்சாங்களே, அதுதான் வலிச்சுது. பந்தியில உக்காரல, பஸ் ஏறி வந்துட்டேன். வழியெல்லாம் என் கைய நானே மோந்து பாத்துக்கிட்டு வந்தேன். சோப்பு வாசனைதான் வந்துச்சு.

மறுநாள் காலையில, அழுது வீங்கின மூஞ்சியோட ஆலிவ் பச்சை சேத்தேன். ஆனா கண்ணு அழுது கழுவி விட்ட மாதிரி தெளிவா இருந்துச்சு. காய வெச்சு, பிளேட்டு போட்டு, சாம்பிளோட ஒட்டி வெச்சேன். நடுவுல கோடு காணோம். அப்படி ஒரு கலரு அதுவரைக்கும் எனக்கு அமைஞ்சதில்ல. மாஸ்டர்கிட்ட நீட்டினேன். துண்ட பாத்தாரு, என்னைப் பாத்தாரு.

"ம்ஹூம்."

"மாஸ்டர், நல்லா பாருங்க. சரியா இருக்கு."

"சரியா இருந்தா மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

எனக்கு அது ஏதோ பேச்சுவாக்குல கேட்ட மாதிரி இருந்துச்சு. "அது வேற மாஸ்டர், வீட்டு விஷயம். கலர் சரியா இருக்கு"ன்னேன். நான் அப்படி அடிச்சுப் பேசுனது அதுதான் முதல் தடவை. அவருக்கும் அது புதுசு. அப்புறம், உனக்கு இன்னா தோணுதுன்னு கேக்காம, முதல் தடவையா அவராவே ஒண்ணு சொன்னாரு. "செவப்பு கொஞ்சம் போடு."

ஆலிவ் பச்சையில செவப்பா? எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்துச்சு. பெரியம்மா மேல இருந்ததும் சேந்துக்குச்சு. கொஞ்சம்னு அவரு சொன்னாரு, நான் கரண்டிய அப்படியே கவுத்தேன். பச்சை செத்துப்போய் காப்பிக்கலர் ஆயிடுச்சு. திட்டட்டும், பாக்கலாம்னு காய வெச்சு எடுத்துக்கிட்டுப் போய் விறைப்பா நீட்டினேன். அழுகை போய் மூஞ்சியில கோவம் மட்டும்தான் இருந்துச்சு.

துண்ட பாத்தாரு. என்னைப் பாத்தாரு.

"ம். இத அடிக்கச் சொல்லு."

பச்சை சாம்பிள் அவரு ஒரு கையில இருக்கு, காப்பிக்கலரு மறு கையில இருக்கு, மனுஷன் "ம்"ங்குறாரு! பக்கத்துல நின்ன முனுசாமி அண்ணன் கண்ண விரிச்சுப் பாத்தாரு.

நான் காலையில சேத்த பச்சைத் துண்டையும் எடுத்தாந்து ரெண்டையும் மாஸ்டர் முன்னாடி வெச்சேன். மூஞ்சிய கல்லு மாதிரி ஆக்கிக்கிட்டேன். அழுகை இல்ல, கோவம் இல்ல, ஒண்ணுமே இல்ல. "இதுல எது மாஸ்டர்?"

அவரு துண்டுங்கள பாத்தாரு, என்னைப் பாத்தாரு. திரும்பவும் துண்ட பாத்தாரு. "உனக்கு இன்னா தோணுது பேபிம்மா?"

"எனக்கு ஒண்ணும் தோணல மாஸ்டர். நீங்க சொல்லுங்க."

அவரு ஒரு துண்ட எடுத்து கன்னத்துல தேச்சுப் பாத்தாரு. காதுகிட்ட வெச்சு கசக்குனாரு. கலர எப்படிய்யா காதுல கேப்ப? கண்ணால முடியாம கையால தேடுறாருன்றத நான் பாத்தேன். அவரும் நான் பாத்தத பாத்துட்டாரு. "தொழுகைக்கு நேரமாச்சு"ன்னுட்டு துண்டுங்கள மேஜையில வெச்சுட்டுப் போயிட்டாரு.

ஜன்னல்கிட்டயே நின்னேன். செவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசமே தெரியாத மனுஷன்கிட்ட இத்தனை வருஷமா "சரியா இருக்கா"ன்னு கேட்டிருக்கேன். அவரு மூஞ்சிய நான் பாத்துக்கிட்டு இருந்தேன். அவரு என் மூஞ்சிய பாத்துக்கிட்டு இருந்திருக்காரு. நான் தயங்கினா "ம்ஹூம்", தெளிவா நின்னா "ம்". அந்தச் சாணி பக்கெட்ட பாக்காமலே கண்டுபுடிச்சது கூட என் திருட்டு முழிய வெச்சுத்தான். அப்ப எனக்குக் கெடைச்ச அத்தனை "ம்"மும் நான் எனக்கே குடுத்துக்கிட்டது, அத்தனை "ம்ஹூம்"மும் நானேதான். எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. எத்தனை நாள் தூங்காம கெடந்தேன், எதுக்கு?

ஆனா கோவப்பட நேரமில்ல. அன்னிக்கு மத்தியானமே ஸ்ப்ரே அடிக்க ஆரம்பிக்கணும், மறுநாள் காலையில பையர் வர்றாரு.

"அண்ணே, பச்சைய அடிங்க"ன்னேன்.

முனுசாமி அண்ணன் ஸ்ப்ரே துப்பாக்கிய கையில வெச்சுக்கிட்டு நிக்கிறாரு. "மாஸ்டரு காப்பிக்கலருக்குத்தானே 'ம்'னாரு?"

"உங்க கண்ணுக்கு அது பச்சையாவா தெரியுது?"

"தெரியல தங்கச்சி. ஆனா மாஸ்டர் சொன்னா அதுல ஏதோ கணக்கு இருக்கும். மேல் கோட்டு அடிச்சா மாறுமோ என்னமோ."

பாத்துக்குங்க! கண்ணு நல்லா இருக்கு, காப்பிக்கலருன்னு தெரியுது, ஆனாலும் அவரு கண்ண அவரே நம்பல. நேத்து வரைக்கும் நானும் அதே ஜாதிதான்.

"மாஸ்டர் சொல்லல. நான் சொல்றேன். அடிங்க."

"தப்பாப் போச்சுன்னா?"

"என் தலையில விடியட்டும். அடிங்க அண்ணே."

அடிச்சாரு. நான் பக்கத்துலயே நின்னேன். ஒவ்வொரு தோலும் கம்பியில ஏறும்போது, யார்கிட்டயாச்சும் ஓடிப்போய் ஒரே ஒரு தடவை "சரியா இருக்கா?"ன்னு கேட்டுட்டா போதும்னு இருக்கு. ஆனா யாரைக் கேக்குறது? இருந்த ஒரு ஆளும் இல்லாம போயிட்டாரே. விட்டு விடுதலை ஆன மாதிரியெல்லாம் இல்ல, நடு ரோட்டுல தனியா விட்ட மாதிரிதான் இருந்துச்சு. சிமெண்டு சுவர பாத்தேன், தோல பாத்தேன், திரும்ப சுவர பாத்தேன். அந்த மத்தியானம் பூரா அதத்தான் பண்ணேன்.

காலையில பையர் வந்தாரு. தோல ஜன்னல்கிட்ட விரிச்சுப் போட்டோம். அவரு சாம்பிள் துண்ட அதுமேல வெச்சு குனிஞ்சு பாத்தாரு. மேனேஜரு பையர் மூஞ்சிய பாக்குறாரு. முனுசாமி அண்ணன் மேனேஜர் மூஞ்சிய பாக்குறாரு. பேட் மேஜைப் பொம்பளைங்க முனுசாமி அண்ணன் மூஞ்சிய பாக்குறாங்க. ஜப்பார் மாஸ்டர் சுவரோரமா நின்னு என் மூஞ்சிய பாக்குறாரு. எனக்கு அந்த நேரத்துல சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். அந்த ஷெட்டுலயே தோல பாத்தது பையரும் நானும் மட்டும்தான். கோடு தெரியல. எனக்கு அது போதும்னு இருந்துச்சு. போதும்னு இருந்ததே எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு.

பையர் நல்லா இருக்குன்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. ரெண்டு மூணு துண்டு வெட்டி பையில போட்டுக்கிட்டு, டீ கூட வேணாம்னுட்டு கெளம்பிட்டாரு. மேனேஜரு பின்னாலயே ஓடினாரு. எல்லாரும் ஆளாளுக்கு ஜோசியம் சொல்ல ஆரம்பிச்சாங்க. மாஸ்டர் ஜன்னல்கிட்ட வந்தாரு.

"உனக்கு எப்ப தெரிஞ்சுது?"

"நேத்துதான் மாஸ்டர்."

"செவப்பும் பச்சையும் எனக்கு சின்ன வயசுலேர்ந்தே ஒண்ணுதாம்மா. வீட்ல சொல்ல பயம். அப்புறம் மொதலாளிகிட்ட சொல்ல பயம். கை நல்லா இருந்துச்சு, அத வெச்சு வண்டி ஓடிடுச்சு."

"அப்ப இன்னாத்த பாத்து எனக்கு 'ம்' சொன்னீங்க?"

"உன்னைத்தான். உனக்கு முன்னாடி இருந்தவன் மூஞ்சியெல்லாம் நம்ப முடியாது, பொய் சொல்லும். உன் மூஞ்சி பொய் சொல்லாது."

"உங்க ஒரு 'ம்ஹூம்'க்கு நான் தூங்காம கெடந்திருக்கேன் மாஸ்டர்!"

"நான் மட்டும் தூங்குனேனா? என்னிக்காச்சும் நீ மூஞ்சிய மூடிக்கிட்டா நான் இன்னா பண்ணுவேன்னு தெனம் பயம்மா எனக்கு. நேத்து மூடிட்ட."

என் கோவம் பொசுக்குனு இறங்கிடுச்சு. பெரிய மலைன்னு நினைச்சு அண்ணாந்து பாத்தவரு, என்னை விட ஜாஸ்தி பயந்துக்கிட்டு இருந்திருக்காரு. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மாஸ்டர்"ன்னேன். சொல்லலதான். நாக்கு துடிச்சுது, சும்மா சொல்லக்கூடாது. சொல்லியிருந்தா செக்ஷனே என்னைத் தூக்கி வெச்சு கொண்டாடியிருக்கும். ஆனா கொண்டாட்டம் கெடைச்சா மறுநாள் அதுக்கு அலைவேன், எனக்கு என்னைத் தெரியும்.

அப்புறம் பையர்கிட்டேர்ந்து டெலக்ஸ்ல, தந்தி மாதிரி, சேதி வந்துச்சு. மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டு படிச்சுக் காட்டினாரு. லாட்டு எடுத்துக்கிறோம், மீதியும் அனுப்புங்க, அடுத்த தடவை தோல் இன்னும் கொஞ்சம் மெத்துன்னு இருக்கட்டும். அவ்வளவுதான். கலரைப் பத்தி ஒரு எழுத்து இல்ல! மெத்துன்னு இல்லன்னு சொன்னதுல மாஸ்டருக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு, அவரு கைக்கு வந்த சொல்லாச்சே. நானும் திரும்பத் திரும்ப யோசிச்சேன். கலர் தப்பா இருந்தா பக்கம் பக்கமா எழுதுவாங்க. சரியா இருந்தா யாரும் ஒண்ணும் எழுத மாட்டாங்க. இதுக்கா நான் காத்துக் கெடந்தேன்னு அன்னிக்கு வீட்டுக்குப் போற வழியில தனியா சிரிச்சேன்.

அதுக்கப்புறமும் நாங்க நாடகத்த நிறுத்தல. துண்ட எடுத்துக்கிட்டு மாஸ்டர்கிட்ட போவேன். கேக்க மாட்டேன். மெதுவா "ம்"னு நான் சொல்வேன். ஊருக்கே கேக்குற மாதிரி "ம்!"னு அவரு சொல்வாரு. அவரு ரிட்டயர் ஆகி வாணியம்பாடிக்கு பொண்ணு வீட்டோட போற வரைக்கும் அப்படித்தான். கடைசி நாள் அன்னிக்கு பச்சை ஒண்ணு காப்பிக்கலர் ஒண்ணா சாக்ஸ் போட்டுக்கிட்டு வந்தாரு. "மாஸ்டர், கால பாருங்க"ன்னேன் முதல் தடவையா. குனிஞ்சு பாத்துட்டு, "உனக்கு இன்னா தோணுது?"ன்னாரு. ரெண்டு பேரும் சிரிச்சு சிரிச்சு அழுதுட்டோம். இப்ப அவரு இல்ல.

குடியாத்தத்துல அடுத்த கல்யாணத்துக்கும் போனேன். சந்தனத் தட்ட நானே எடுத்துக்கிட்டு வாசல்ல நின்னேன். பெரியம்மா அதே சிரிப்போட வந்தாங்க. அவங்க வாய திறக்குறதுக்கு முன்னாடியே "எனக்கு ஒண்ணும் சிரமம் இல்ல பெரியம்மா, நீங்க போய் உக்காருங்க"ன்னேன். அவங்க மூஞ்சி செத்துப் போச்சு. சில பேரு சந்தனம் எடுத்துக்கிட்டாங்க, சில பேரு எடுக்காம போனாங்க. எடுக்காதவங்களையும் வாங்கன்னுதான் சொன்னேன். பந்தியில உக்காந்து ரெண்டு தடவை பாயசம் வாங்கி சாப்பிட்டுத்தான் வந்தேன்.

சரி. சொல்லிட்டேன். இப்ப பெட்டிய திறக்குறேன்.

ரெண்டு துண்டையும் ஜன்னல்கிட்ட கொண்டாந்து ஓரத்தோட ஓரம் ஒட்டி வெச்சேன். வலது கண்ண மூடிக்கிட்டு பழைய கண்ணால பாத்தேன். கோடு இல்ல. இடது கண்ண மூடிக்கிட்டு புதுக் கண்ணால பாத்தேன். நடுவுல ஒரு கோடு. முடி மாதிரி மெல்லிசா, ஆனா இருக்கு.

எங்க வீட்டுக்காரரு தோள்மேல எட்டிப் பாத்தாரு. "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது"ன்னாரு. ஆறுதலுக்கு சொல்றாருன்னு தெரியாதா? "உங்கள யாரு கேட்டது?"ன்னேன். இத்தனை வருஷம் பெட்டியில கெடந்த தோலு. எது எவ்வளவு மங்குச்சோ, அன்னிக்கே அந்தக் கோடு இருந்துச்சோ, இனிமே யாரும் சொல்ல முடியாது.

"சரி, மாஸ்டரம்மாவே சொல்லுங்க"ன்னாரு கிண்டலா. "சரியா இருக்கா, இல்லையா?"

வெள்ளைச் சுவர பாத்து கண்ண கழுவிக்கிட்டு இன்னொரு தடவை பாத்தேன்.

"நான் சேத்ததுல ஒரு முடி செவப்பு ஜாஸ்தி"ன்னேன்.

சொல்லிட்டு, வயிறு கலங்குதான்னு பாத்தேன். கலங்கல. ரெண்டு துண்டையும் ஒண்ணாவே மடிச்சு பெட்டியில வெச்சுட்டு, சோத்துக்கு உலை வெக்கப் போனேன்.